பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்: புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டை நோக்கி வரும் ஜாம்பிகளை, அதாவது நடைபிணங்களை, செடிகள் நட்டுத் தடுக்கும் கணினி ஆட்டம் இது. ஒரு ஜாம்பி கம்பிவலைக் கதவு ஒன்றைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வருகிறது. பார்த்ததும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு அந்தக் கதவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். செடி சுடும் பட்டாணிக் குண்டு கதவில் பட்டு நின்றுவிடும். ஆனால் அது வலைக் கதவாயிற்றே, புகை உள்ளே போகும். புகை கக்கும் ஃபியூம்ஷ்ரூம் என்ற காளான் கதவையும் பின்னால் இருக்கும் ஜாம்பியையும் சேர்த்தே அடிப்பதற்குக் காரணம் அதுதான். இந்த ஆட்டத்தில் வேடிக்கையாகத் தெரிகிற எதுவும் வெறும் அலங்காரமில்லை. ஜாம்பி தலையில் என்ன மாட்டியிருக்கிறது, கையில் என்ன வைத்திருக்கிறது, எதன்மேல் ஏறி வருகிறது என்று பார்த்தாலே அதை எப்படி அடிக்கலாம் என்பது பாதி தெரிந்துவிடும். புதிதாக ஆடுபவர்கள் முதலில் பழக வேண்டியது இந்தப் பார்வையைத்தான்.

எந்தப் பதிப்பை எடுப்பது

பாப்கேப் நிறுவனம் 2009 மே மாதம் கணினிக்கு வெளியிட்ட முதல் ஆட்டத்தைத்தான் இந்தக் கட்டுரை பின்பற்றுகிறது. 2013இல் வந்த இரண்டாம் பாகம் இலவசமாகக் கிடைத்தாலும் அதன் செடிகளும் வேகமும் வேறு, ஆட்டத்துக்குள்ளேயே பணம் கட்டி வாங்கும் பொருள்களும் உண்டு. வரும் எதிரிகளை வழியிலேயே காவல் வைத்துத் தடுக்கும் டவர் டிஃபென்ஸ் வகை ஆட்டமே பழக்கமில்லாதவர்கள் முதல் பாகத்தில் தொடங்குவது நல்லது. அதில் ஐம்பது லெவல்களும் ஒன்றுக்கொன்று படிக்கட்டாக அமைந்திருக்கின்றன. கீழே வரும் எண்களெல்லாம் கணினிப் பதிப்புக்கானவை. கைபேசிப் பதிப்புகளில் சில விலைகளும் வரிசைமுறையும் சற்று மாறும். செடிகளின் பெயர்களைத் திரையில் வருகிறபடியே எழுதியிருக்கிறோம், தேடிக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும்.

திரையில் என்ன இருக்கிறது

இடப்பக்கம் உங்கள் வீடு, வலப்பக்கம் தெரு, நடுவில் புல்வெளி. புல்வெளியில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். வீட்டை ஒட்டிய கட்டத்தை ஒன்று என்றும் தெருவை ஒட்டியதை ஒன்பது என்றும் வைத்துக்கொள்வோம். ஜாம்பிகள் ஒன்பதில் நுழைந்து தங்கள் வரிசையிலேயே நேராக நடந்து வரும், வழியில் செடி இருந்தால் நின்று தின்னும். செடியை நட்ட பிறகு இடம் மாற்ற முடியாது, மண்வெட்டியால் பிடுங்கத்தான் முடியும்.

ஒவ்வொரு வரிசையின் கோடியிலும் ஒரு புல்வெட்டும் இயந்திரம் நிற்கிறது. ஜாம்பி அதைத் தொட்டதும் அது ஓடிப்போய் அந்த வரிசையில் இருக்கும் அத்தனை ஜாம்பிகளையும் அரைத்துத் தள்ளிவிடும். ஒரு லெவலுக்கு ஒரு வரிசைக்கு ஒரே ஒருமுறைதான். அதன் பிறகு அதே வரிசையில் ஒரு ஜாம்பி கடைசி வரை வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் இயந்திரம் ஓடிவிட்டதென்று பதறிப்போய் லெவலை மறுபடி தொடங்க வேண்டாம். அந்த வரிசை இனி வலுவாக இருக்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது, அவ்வளவுதான்.

நடுவதற்கு வேண்டிய செலாவணி சன், அதாவது சூரிய ஒளி. பகலில் வானத்திலிருந்து விழும், சூரியகாந்தியும் தரும். ஒவ்வொன்றும் 25. எடுக்காமல் விட்டால் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். புதியவர்கள் தோற்பதற்கான முதல் காரணம் இதுதான்: சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டு சன்னை எடுக்க மறந்துவிடுகிறார்கள். கை எப்போதும் சன்மேல் இருக்கட்டும், கண் மட்டும் ஜாம்பிமேல் இருந்தால் போதும்.

முதல் நான்கு லெவல்களில் ஆட்டமே உங்கள் கையைப் பிடித்து நடத்திச் செல்லும். 1-1இல், அதாவது முதல் பகுதியின் முதல் லெவலில், நடுவரிசை ஒன்றுதான் திறந்திருக்கும், 1-2, 1-3இல் மூன்று வரிசை, 1-4இலிருந்து ஐந்தும். ஆட்டத்தை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், தன் அம்மா இதை முழுதாக ஆடி முடிக்கும்படி எப்படிச் செய்தோம் என்பதைப் பற்றி 2012இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஓர் உரையே ஆற்றியிருக்கிறார். திரையில் ஒரு நேரத்தில் எட்டுச் சொற்களுக்கு மேல் வரக்கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. சொல்லிக்கொடுக்க வேண்டியதைப் படங்களே சொல்லிவிடுவதால்தான் அத்தனை குறைவாகப் பேச முடிந்திருக்கிறது.

லெவலுக்கு முன்: தெருவைப் பாருங்கள்

செடிகளைத் தேர்ந்தெடுக்கும் திரை வருவதற்கு முன்னால் காட்சி வலப்பக்கம் நகர்ந்து தெருவில் நிற்கும் ஜாம்பிகளைக் காட்டும். பலர் இதை வெறும் நடிப்பென்று கடந்துவிடுகிறார்கள். இந்த லெவலில் வரப்போகிறவர்கள் யாரென்பதை அங்கேயே காட்டிவிடுகிறார்கள். வாளி மாட்டியவர் நிற்கிறாரா, கம்பு வைத்திருப்பவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் விதைப் பொட்டலங்களை எடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஆறு செடிகளைத்தான் எடுத்துப்போக முடியும். பகல் லெவல்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் ஆறு: சூரியகாந்தி, பொட்டேட்டோ மைன் (வெடிக்கும் உருளைக்கிழங்கு), பீஷூட்டர் (பட்டாணி சுடும் செடி), ஸ்னோ பீ (பனிப்பட்டாணி சுடுவது), வால்நட் (சுவராக நிற்கும் கொட்டை), செர்ரி பாம் (வெடிகுண்டு). 1-8 முடிந்து, இரண்டிரண்டு பட்டாணியாகச் சுடும் ரிப்பீட்டர் கைக்கு வந்த பிறகும் பீஷூட்டரை உடனே கைவிட வேண்டாம். ரிப்பீட்டர் 200 சன், பீஷூட்டர் 100. லெவலின் முதல் நிமிடத்தில் 200 சேர்ப்பதற்குள் ஒரு வரிசை போய்விடலாம்.

முதல் இரண்டு நிமிடம்

லெவலின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது, எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

தொடங்கும்போது கையில் 50 சன் இருக்கும். சூரியகாந்தியின் விலையும் 50. யோசிக்காமல் ஒன்றாம் கட்டத்தில் ஒரு சூரியகாந்தியை நடுங்கள். ஆட்டத்தை உருவாக்கியபோது சூரியகாந்திக்கு முதலில் 100 சன் விலை வைத்திருந்தார்கள். பீஷூட்டரும் அதே விலை என்பதால் ஆடிப் பார்த்தவர்கள் ஆயுதத்தையே முதலில் வாங்கினார்கள், பிறகு சன் இல்லாமல் திணறினார்கள். விலையைப் பாதியாக்கியதும் எல்லோரும் தாமாகவே சூரியகாந்தியை முதலில் நடத் தொடங்கினார்கள். விலைப்பட்டியலே உங்களுக்கு வழி சொல்கிறது.

ஒரு சூரியகாந்தி சுமார் 24 விநாடிக்கு ஒருமுறை 25 சன் தரும். இரண்டு முறை தந்தால் போட்ட முதல் திரும்பிவிடும், பிறகு வருவதெல்லாம் லாபம். பத்து சூரியகாந்தி இருந்தால் 24 விநாடிக்கு 250. ஒரு ஸ்னோ பீயும் ஒரு வால்நட்டும் வாங்கி 25 மிச்சம் வைக்கலாம். நான்கே சூரியகாந்தியை வைத்துக்கொண்டு ஆடுபவருக்கு அதே நேரத்தில் 100தான் கிடைக்கும். லெவலின் கடைசி அலையில் தோற்றவர்களின் புல்வெளியைப் பார்த்தால் பெரும்பாலும் சூரியகாந்தி குறைவாகத்தான் இருக்கும். எட்டுக்குக் குறையாமல் பாருங்கள். ஒன்றாம் கட்டமும் இரண்டாம் கட்டமும் முழுக்கச் சூரியகாந்தி என்பது எளிய, நல்ல ஏற்பாடு.

இதற்கிடையில் முதல் ஜாம்பி வந்துவிடும். இங்கேதான் புதியவர்கள் 100 சன் கொடுத்து பீஷூட்டர் வாங்கி, சூரியகாந்தி நடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதில் 25 சன்னுக்குப் பொட்டேட்டோ மைனை வையுங்கள். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் தயாராகச் சுமார் 15 விநாடி ஆகும். சாதாரண ஜாம்பி ஒரு கட்டத்தைக் கடக்க ஏறத்தாழ 5 விநாடி எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஜாம்பிக்கும் கிழங்குக்கும் இடையே குறைந்தது நான்கு கட்டமாவது இருக்க வேண்டும். ஜாம்பி ஒன்பதில் தலை காட்டியவுடனேயே அதே வரிசையின் மூன்றிலோ நான்கிலோ வைத்துவிட்டால் கவலையில்லை. பக்கத்தில் வந்த பிறகு வைத்தால் கிழங்கு தலை தூக்குவதற்குள் தின்னப்பட்டுவிடும். கிழங்கு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களின் சிக்கல் பத்தில் ஒன்பது பங்கு இதுதான்.

இரண்டாவது ஜாம்பிக்கும் கிழங்கே போதும், ஆனால் கிழங்குப் பொட்டலம் மறுபடி தயாராக அரை நிமிடம் ஆகும் என்பதை மனத்தில் வையுங்கள். அது தயாராகாத நேரத்தில் வேறு வரிசையில் ஜாம்பி வந்தால்தான் முதல் பீஷூட்டர். அதை மூன்றாம் கட்டத்தில் வையுங்கள். பட்டாணி வரிசை முழுக்கப் பறக்கும் என்பதால் முன்னால் வைப்பதில் எந்த ஆதாயமும் இல்லை, ஆபத்து மட்டுமே உண்டு.

ஒரு பீஷூட்டர் எத்தனை தாங்கும்

சாதாரண ஜாம்பி விழப் பத்துப் பட்டாணி வேண்டும். பீஷூட்டர் ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்கு ஒன்று சுடும். பதினைந்து விநாடி, அதாவது மூன்று கட்டத் தொலைவு. தாராளமாகச் சமாளிக்கும். தலையில் போக்குவரத்துக் கூம்பு மாட்டிய கோன்ஹெட்டுக்கு 28 பட்டாணி. அது 42 விநாடி, அதாவது கிட்டத்தட்ட ஒன்பது கட்டம். ஒற்றைப் பீஷூட்டர் அதை நிறுத்தாது, வாசல்வரை வந்துவிடும். இரும்பு வாளி கவிழ்த்திருக்கும் பக்கெட்ஹெட்டுக்கு 65. இரண்டு பீஷூட்டர் சேர்ந்தாலும் போதாது.

இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் அடுத்து என்ன வாங்குவது என்பதில் குழப்பமே வராது. சாதாரண ஜாம்பி மட்டும் வரும்வரை வரிசைக்கு ஒரு பீஷூட்டர். கூம்பு தெரிந்ததும் வரிசைக்கு ஒரு ஸ்னோ பீ, 175 சன். அதன் பனிப்பட்டாணி ஜாம்பியின் நடையையும் மெல்லும் வேகத்தையும் பாதியாகக் குறைக்கும், அதாவது உங்கள் மற்ற செடிகளுக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். ஒரே வரிசையில் இரண்டு ஸ்னோ பீ வைத்தால் வேகம் கால் பங்காகாது. ஒன்று போதும், மிச்சத்தை ரிப்பீட்டரில் போடுங்கள். வாளி தெரிந்தால் ஆறாம் கட்டத்தில் ஒரு வால்நட்.

வால்நட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 50 சன்தான், நன்றாகத் தாங்கும், கடிபடக் கடிபட அதன் முகம் மாறுவதைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம். தன்னைக் கடிப்பது முதுகு பிடித்துவிடுவதுபோல இதமாக இருக்கிறது என்று அந்தக் கொட்டை சொல்வதாக ஆட்டத்தின் செடிக் கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு. சிரிப்புக்காக எழுதியதுதான், என்றாலும் அது அங்கே நிற்பது கடிபடுவதற்காகவே என்பது மறக்காது. அதை மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம். ஆறாம் கட்டத்தில் நட்டு, பாதி உடைந்ததும் பொட்டலத்தைத் தயாராக வைத்திருந்து, உடைந்து விழுந்தவுடன் அடுத்ததை நடுங்கள்.

செர்ரி பாம் 150 சன், சுற்றி மூன்றுக்கு மூன்று கட்டத்தைத் துடைத்துவிடும். மறுபடி கிடைக்க ஐம்பது விநாடி ஆகும். ஒற்றை ஜாம்பிக்கு அதைச் செலவழிப்பது வீண். திரையில் பெரிய அலை வருகிறதென்ற எச்சரிக்கை தோன்றியதும் 150 சன்னைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். வால்நட்டின் முன்னால் கூட்டம் சேரட்டும், பிறகு நடு வரிசையில் வையுங்கள்.

உடையைப் பார்த்து ஆளை அறிதல்

இனி ஒவ்வொரு பகுதியிலும் புதுப்புது ஆள்கள் வருவார்கள். எல்லாரையும் பட்டியல் போடத் தேவையில்லை, வழி தெரிந்துவிட்டால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். குறிப்பாகத் தொல்லை தரும் சிலரை மட்டும் பார்ப்போம்.

நீளமான கம்போடு ஓடிவருபவர் முதல் செடியைத் தாண்டிக் குதிப்பார். குதித்ததும் கம்பு போய்விடும், பிறகு சாதாரண நடைதான். வால்நட்டை அவர் முன்னால் வைத்தால் தாண்டிவிடுவார், கிழங்கு வைத்தாலும் தாண்டிவிடுவார். மலிவான ஏதாவதொன்றைத் தாண்டவிட்டு, அவர் இறங்கும் இடத்துக்குப் பின்னால் சுவரை வையுங்கள். 3-8க்குப் பிறகு டால்நட் கிடைக்கும், உயரமான கொட்டை. அதைத் தாண்ட முடியாது. கோல் ஊன்றிக் குதிப்பவர், துள்ளுகோலில் வருபவர், நீச்சல்குளத்தில் டால்ஃபின்மேல் வருபவர் என்று உயரத்தை நம்புகிற மூவருக்குமே டால்நட்தான் பதில்.

நாளிதழ் படித்தபடியே வரும் தாத்தா ஜாம்பியின் நாளிதழைக் கிழித்தால் கோபம் வந்து வேகமாக நடப்பார். அந்த வரிசையில் ஒரு ஸ்னோ பீயாவது இருக்கட்டும்.

கால்பந்து உடையில் ஓடிவருபவர் வேகமும் அதிகம், உறுதியும் அதிகம். பட்டாணியால் அடித்துக்கொண்டிருப்பதைவிட 75 சன்னுக்கு ஹிப்னோஷ்ரூமை அவர் வழியில் வைத்துத் தின்னவிடுவது மேல். மயங்கித் திரும்பி, தன் கூட்டத்தையே அடிக்கக் கிளம்பிவிடுவார். எவ்வளவு வலுவான ஜாம்பி தின்கிறதோ அவ்வளவு லாபம் உங்களுக்கு, அதனால் சாதாரண ஜாம்பிக்கு இந்தக் காளானை வீணாக்காதீர்கள்.

நடன ஜாம்பி தன்னைச் சுற்றி நாலு பக்கமும் துணை ஆட்டக்காரர்களை மண்ணுக்குள்ளிருந்து எழுப்பும். முதலில் இது மைக்கேல் ஜாக்சன் தோற்றத்தில்தான் இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு அவருடைய சொத்துகளை நிர்வகிப்பவர்கள் ஆட்சேபித்ததால் 2010இல் டிஸ்கோ நடனக்காரராக மாற்றினார்கள். இவர் பாதி புல்வெளி வரட்டும் என்று காத்திருக்காமல் தெருப்பக்கமே முடித்துவிட வேண்டும். விட்டால் பக்கத்து இரண்டு வரிசைகளும் சேர்ந்து சிக்கலாகும்.

இரும்பு எதுவாக இருந்தாலும் மேக்னட்ஷ்ரூம் பிடுங்கிக்கொள்ளும்: வாளி, கால்பந்துக் கவசம், வலைக் கதவு, ஏணி, துள்ளுகோல், சுரங்கக்காரரின் குந்தாலி. 4-8 முடிந்ததும் கிடைக்கும் இதற்கு 100 சன்தான். ஒன்றைப் பிடுங்கினால் அதைச் செரிக்க நேரம் எடுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு மூன்று வைப்பது நல்லது. காந்தம் எதைப் பிடுங்கும், எதைப் பிடுங்காது என்று யாரிடமும் கேட்க வேண்டாம், படத்தைப் பார்த்தாலே போதும்.

இரவு, குளம், பனி, கூரை

ஆட்டத்தில் ஐந்து பகுதி, பகுதிக்குப் பத்து லெவல். ஒவ்வொரு பகுதியும் நீங்கள் நம்பியிருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கும்.

இரவில் வானத்திலிருந்து சன் விழாது. 25 சன்னுக்குக் கிடைக்கும் சன்ஷ்ரூம் முதலில் 15தான் தரும், கொஞ்ச நேரத்தில் வளர்ந்து 25 தரத் தொடங்கும், அதனால் சீக்கிரம் நடுவது முக்கியம். பஃப்ஷ்ரூமுக்கு விலையே இல்லை. மூன்று கட்டத் தொலைவுக்குத்தான் சுடும் என்பதால் முன்னால் வைக்க வேண்டும், இறந்தால் நட்டமில்லை. சன் எல்லாவற்றையும் சன்ஷ்ரூமில் போட்டுவிட்டு முதல் நிமிடத்தை இலவசக் காளான்களை வைத்தே தள்ளுங்கள். புல்வெளியில் இருக்கும் கல்லறைகளை அலட்சியப்படுத்த வேண்டாம். அங்கே செடி நட முடியாது என்பதோடு, கடைசி அலையில் அவற்றிலிருந்து ஜாம்பிகள் எழும். கல்லறையைத் தின்னும் கிரேவ் பஸ்டருக்கு 75 சன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லறைகளை முதலில் தின்ன வையுங்கள்.

காளான்கள் பகலில் தூங்கும். இது தெரியாமல் குளத்துக்குக் காளான்களைக் கொண்டுபோய் நட்டுவிட்டு ஏன் சுடவில்லை என்று விழிப்பவர்கள் நிறைய. கண்ணை மூடிக் குறட்டை விடுகிறதே, அதுதான் காரணம். 5-3க்குப் பிறகு காஃபி பீன் கிடைக்கும், 75 சன்னுக்கு ஒரு காளானை எழுப்பும். அதுவரை பகலில் காளான் வேண்டாம்.

குளத்தில் ஆறு வரிசை, நடு இரண்டும் தண்ணீர். தண்ணீரில் எதை நடவும் முதலில் 25 சன்னுக்கு லில்லி பேட் வேண்டும். ஆறு வரிசைக்கும் சன் போதவில்லையென்று தோன்றுவது இயல்பு, சூரியகாந்தியைப் பன்னிரண்டாக உயர்த்துங்கள். முக்குளித்து வரும் ஜாம்பி தண்ணீருக்குள் இருக்கும்வரை பட்டாணி அதன் தலைக்கு மேலேயே போய்விடும். எதையாவது தின்பதற்குத்தான் எழும்பும். அதனால் முன்கட்டத்தில் லில்லி பேட்மேல் ஒரு வால்நட் வைத்தால் கொட்டையைக் கடிக்கத் தலை தூக்கும், பின்னாலிருக்கும் செடிகள் சுட்டுவிடும். பனி வண்டியில் வருபவர் செடிகளைத் தின்னமாட்டார், நசுக்கிவிடுவார். வால்நட்டும் நசுங்கும். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதே! 100 சன்னுக்கு ஸ்பைக்வீட் முள்ளை ஏழாம் கட்டத்தில் வைத்துவிட்டால் சக்கரம் வெடித்துப்போகும், முள்ளும் அதோடு போய்விடும். வண்டி விட்டுச்சென்ற பனித்தடத்தில் எதையும் நட முடியாது, ஹலபேனோ மிளகாய் வைத்தால் வரிசை முழுக்க எரிந்து தடமும் கரையும்.

இங்கேதான் டார்ச்வுட் என்ற எரியும் மரக்கட்டை கிடைக்கிறது. அதைக் கடக்கும் பட்டாணி தீப்பிடித்து இரண்டு மடங்கு அடிக்கும். ஒரு எச்சரிக்கை: ஸ்னோ பீயின் பனிப்பட்டாணி அதைக் கடந்தால் பனி உருகிச் சாதாரணப் பட்டாணியாகிவிடும். ஒரே வரிசையில் இரண்டையும் வைத்து 350 சன்னை வீணாக்குவது மிகப் பரவலான தவறு. தீயா பனியா என்று வரிசைக்கு வரிசை முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காம் பகுதியில் பனிமூட்டம் புல்வெளியின் வலப்பக்கத்தை மறைக்கும். பிளான்டர்ன் விளக்கு 25 சன், ஆறாம் கட்டத்தில் வைத்தால் சுற்றிலும் தெரியும். பலூனில் பறந்து வருபவரைப் பட்டாணி தொடாது, கள்ளிச்செடி முள்ளால் பலூனைக் குத்தும். ப்ளோவர் காற்றடித்துப் பலூன்காரர்களையும் மூட்டத்தையும் சேர்த்தே விரட்டும். சுரங்கம் தோண்டி வருபவர்தான் பழைய ஏற்பாட்டையே தலைகீழாக்குவார்: அடியில் போய் ஒன்றாம் கட்டத்தில் எழுந்து, வீட்டுப் பக்கமிருந்து சூரியகாந்தியைத் தின்னத் தொடங்குவார். பின்பக்கமும் சுடுகிற ஸ்ப்ளிட் பீ இல்லாமல் 4-6க்குப் பிறகு போகாதீர்கள், 4-8 முடிந்ததும் மேக்னட்ஷ்ரூமும் உதவும்.

கூரையில் மண் இல்லை, 25 சன்னுக்கு ஒரு பூந்தொட்டி வைத்துத்தான் நட வேண்டும். இடப்பக்கம் சரிவு என்பதால் நேராகச் சுடும் பட்டாணி ஓட்டில் முட்டி நிற்கும். இத்தனை நாள் நம்பிய பீஷூட்டரை இங்கே விட்டுவிட வேண்டும். முட்டைக்கோஸ் எறியும் கேபேஜ்பல்ட் 100 சன், சோளம் எறியும் கெர்னல்பல்ட் 100. இரண்டாவது அவ்வப்போது வெண்ணெய்க் கட்டியைத் தலையில் போட்டு ஜாம்பியை நின்ற இடத்திலேயே உறைய வைக்கும். வரிசைக்கு இரண்டும் ஒவ்வொன்று என்பது நல்ல தொடக்கம். மேலிருந்து கயிற்றில் தொங்கிவந்து செடியைத் தூக்கிப்போகும் ஆளைத் தடுக்க அம்ப்ரெல்லா லீஃப் குடை விரிக்கும், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுக்கும் சேர்த்து. 5-8இல் வரும் கார்கான்டுவர் என்ற ராட்சதன் ஒரே அடியில் வால்நட்டையும் நசுக்கும். செர்ரி பாம் அல்லது ஹலபேனோ இரண்டு தேவை. முதல் வெடியில் அவன் முதுகிலிருக்கும் குட்டி ஜாம்பியை உங்கள் வீட்டுப் பக்கம் வீசுவான். பின்கட்டங்களில் அதை அடிக்க ஏதாவது இருக்கட்டும்.

கடையில் எதை முதலில் வாங்குவது

3-4 முடிந்ததும் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு புரியாத மொழியில் கத்தும் கிரேஸி டேவ் கடை திறப்பார். ஜாம்பிகள் விட்டுச்செல்லும் நாணயங்கள்தான் காசு: வெள்ளி 10, தங்கம் 50, வைரம் 1000. நாணயத்தையும் கையால் எடுக்க வேண்டும்.

முதல் செலவு ஏழாவது செடிக்கான இடம், 750. மறுபேச்சே வேண்டாம். அடுத்து குளத்துக்கான பாதுகாப்பு இயந்திரங்கள், 1000. அது இல்லாமல் நடு இரண்டு வரிசைக்கும் கடைசிக் காவல் கிடையாது. பிறகு எட்டாவது இடத்துக்கு 5000 சேருங்கள். அதற்கப்புறம் 5000க்கு ட்வின் சன்ஃப்ளவர். சூரியகாந்தியின்மேல் 150 சன் கொடுத்து நட்டால் ஒவ்வொரு முறையும் 50 தரும். கூரைக்குப் போவதற்குள் 3000க்கு அங்கேயான இயந்திரங்களையும் வாங்கிவிடுங்கள். 20 ஆயிரத்துக்கு விற்கும் சோள பீரங்கி பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஐம்பது லெவலையும் முடிக்க அது தேவையே இல்லை.

இடையில் வரும் விளையாட்டு லெவல்கள்

ஒவ்வொரு பகுதியின் ஐந்தாவது லெவலிலும் விதிகள் மாறும். 1-5இல் வால்நட்டை உருட்டி ஜாம்பிகளை அடிக்கலாம், 2-5இல் சுத்தியலால் தலையில் போடலாம். பத்தாவது லெவல்களில் செடிகள் ஒரு பட்டையில் ஓடிவரும், சன் தேவையில்லை. இங்கே பலர் கிடைத்ததையெல்லாம் உடனே நட்டுவிடுகிறார்கள். செர்ரி பாமையும் ஹலபேனோவையும் பட்டையிலேயே விட்டுவைத்துப் பெரிய அலைக்குப் பயன்படுத்துங்கள். 5-10இல் ஜாம்பிகளின் தலைவர் டாக்டர் ஜாம்பாஸின் ராட்சத இயந்திரம் பனிப்பந்தும் தீப்பந்தும் உருட்டிவிடும். பனிப்பந்துக்கு ஹலபேனோ, தீப்பந்துக்கு ஐஸ்ஷ்ரூம். இரண்டில் குறைந்தது ஒவ்வொன்றையாவது எப்போதும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். பந்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு நடுங்கள், அவசரத்தில் மாற்றி வைத்தால் ஒரு வரிசை முழுக்கப் போய்விடும்.

தொடர்ந்து தோற்றால் எதைச் சரிபார்ப்பது

ஒரே லெவலில் மறுபடி மறுபடி தோற்கிறீர்களென்றால் செடிகளை மாற்றுவதற்கு முன்னால் எந்த வரிசையில் உடைகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மேல்வரிசையோ கீழ்வரிசையோதான். கண் நடுவிலேயே நிற்பதால் நடுவில் மூன்று செடியும் ஓரத்தில் ஒன்றும் நட்டுவிடுகிறோம். எல்லா வரிசைக்கும் ஒரு சுற்று முடித்த பிறகே இரண்டாவது சுற்றைத் தொடங்குங்கள். அடுத்ததாக, கடைசி அலை வரும்போது கையில் எவ்வளவு சன் இருந்தது? ஆயிரம் சேர்ந்து கிடந்து தோற்றிருந்தால் செலவழிக்கத் தயங்கியிருக்கிறீர்கள். ஐம்பதுக்கும் வழியில்லாமல் தோற்றிருந்தால் சூரியகாந்தி போதவில்லை. கடைசி அலையைக் குறிக்கும் கொடி வந்துவிட்டதென்றால் சூரியகாந்திக்கு வேலை முடிந்தது, மண்வெட்டியால் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஆயுதம் நடலாம்.

ஐம்பது லெவலும் முடிந்ததும் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்க அனுமதிக்கும், இந்தமுறை மூன்று செடிகளை டேவே தேர்ந்தெடுத்துவிடுவார். அதற்குப் போவதற்கு முன் புதிர்ப் பகுதியில் இருக்கும் ஐ, ஜாம்பி என்ற ஆட்டத்தைக் கட்டாயம் ஆடிப் பாருங்கள். அதில் செடிகள் அட்டையில் வெட்டியவை, நீங்கள் ஜாம்பிகளின் பக்கம். கையிலிருக்கும் சன்னைக் கொடுத்து வாளிக்காரரை அனுப்புவதா, கம்புக்காரரை அனுப்புவதா, பலூன்காரரை அனுப்புவதா என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். ஒரு வரிசையில் சுவர் இருந்தால் தாண்டுகிறவரை அனுப்புவீர்கள், மேலே பார்க்கும் செடி இல்லாவிட்டால் பலூன்காரரை அனுப்புவீர்கள். பத்து நிமிடம் அப்படி ஆடிவிட்டு உங்கள் பழைய லெவலுக்குத் திரும்பினால், போன தடவை ஏன் அந்த வரிசை உடைந்தது என்பது செடிகளைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே தெரிந்துவிடும்.